தங்கத்துக்கு மஞ்சள் பூசியது யார்?



இந்த வாரம் ஒரு எல்.கே.ஜி. கேள்வியோட ஆரம்பிக்கலாம். தங்கம் ஏன் மஞ்சளா இருக்கு?

'தங்கம்னா மஞ்சள்தானே பாஸ், இதுல என்ன கேள்வி'ன்னு முறைக்காதீங்க. கொஞ்சம் யோசிங்க. இரும்பு, அலுமினியம், வெள்ளி, பிளாட்டினம், நிக்கல், துத்தநாகம், ஈயம்... உலோகக் கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம்தான். ஒண்ணு வெள்ளை, இல்லேன்னா சாம்பல். அந்தக் கூட்டத்தில் கலர் டிரெஸ்ஸில் வந்து நிற்கிறவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். அதில் முக்கியமான ரெண்டு பேர் செம்பும் தங்கமும்.

கெமிஸ்ட்ரி லேப் சுவரில் தொங்குற பீரியாடிக் டேபிளை ஒரு முறை பாருங்க. செம்புக்குக் கீழே வெள்ளி. வெள்ளிக்கு நேர் கீழே தங்கம். ஒரே வீட்டு மாடி வரிசை. வெளிக்கூட்டில் எல்லாருக்கும் ஒரே ஒரு எலெக்ட்ரான். கீழே இறங்க இறங்க, குணமும் அந்த வரிசையிலேயே போகணும். அந்தக் கணக்குப்படி தங்கம், வெள்ளி மாதிரி பளபள வெள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும்!

ஆனா இல்லை. காரணம் கேட்டா அசந்துடுவீங்க. ஐன்ஸ்டீனின் ரிலேட்டிவிட்டி.

ஆமாம். பிளாக் ஹோல், விண்கலம், ஒளி வேகத்தில் பறக்கும் ஹீரோ என்று சினிமாவில் பார்க்கிற அதே சார்பியல்தான். உங்க பாட்டியின் மோதிரத்துக்குள்ளே உட்கார்ந்து வேலை பார்க்குது.

137 என்கிற நம்பர்

இதை நம்பறதுக்கு ஒரு சின்ன வகுத்தல் கணக்கு போதும். ஹைட்ரஜன் அணுவில் இருக்கிற அந்த ஒத்தை எலெக்ட்ரானின் வேகம், ஒளி வேகத்தில் சுமார் 137-ல் ஒரு பங்கு. அதாவது விநாடிக்கு சுமார் 2,190 கிலோமீட்டர். நமக்கு அது பயங்கர வேகம். ஒளியோட ஒப்பிட்டா ஆமை. சார்பியல் அங்கே கண்ணுக்கே தெரியாது.

ஆனா அணுக்கருவில் புரோட்டான்கள் கூடக் கூட, உள்கூட்டு எலெக்ட்ரானை அது இழுக்கிற இழுப்பும் கூடும். விழுந்து தொலையாமல் சுத்தணும்னா எலெக்ட்ரான் வேகமா ஓடியாகணும். தோராயமான விதி இதுதான்: அணு எண்ணை 137-ஆல் வகுங்க. வர்ற விடை, ஒளி வேகத்தில் எத்தனை பங்கு என்று சொல்லும்.

தங்கத்தின் அணு எண் 79. வகுத்தா 0.58. அதாவது தங்கத்தின் அடி உள்கூட்டு எலெக்ட்ரான் ஒளி வேகத்தில் 58 சதவீதத்தில் ஓடுது. விநாடிக்கு சுமார் 1,73,000 கிலோமீட்டர்!

இந்த வேகத்தில் சார்பியல் சும்மா இருக்குமா? எலெக்ட்ரானின் நிறை சுமார் 22 சதவீதம் கூடினது மாதிரி ஆயிடுது. நிறை கூடினா சுற்றுப்பாதை சுருங்கும். எலெக்ட்ரான் அணுக்கருவுக்கு இன்னும் கிட்டே போய் ஒட்டிக்கும்.

'சரி, அது உள்ளே இருக்கிற எலெக்ட்ரான். கலர், கெமிஸ்ட்ரி எல்லாம் வெளிக்கூட்டு விஷயமாச்சே?'

சபாஷ்! சரியான இடத்தில் மடக்குனீங்க. இதே கேள்வியை நினைச்சுத்தான் உலகத்திலேயே பெரிய மூளைக்காரர்களில் ஒருத்தர் ஒரு தீர்ப்பு எழுதினார். அது கிட்டத்தட்ட நாற்பது வருஷம் நின்னுது.

டிராக் எழுதிய தீர்ப்பு

பால் டிராக். இங்கிலாந்துக்காரர். 1928-ல், 25 வயசில், குவாண்டம் இயக்கவியலையும் சார்பியலையும் ஒரே சமன்பாட்டில் கட்டிப் போட்டவர். எலெக்ட்ரானுக்கு ஏன் ஸ்பின் இருக்கு என்பது அந்தச் சமன்பாட்டிலிருந்து தானாகவே வெளியே வந்து விழுந்தது. பாசிட்ரான் என்ற எதிர்த்துகள் இருக்கணும் என்று அது சொன்னது. 1932-ல் கார்ல் ஆண்டர்சன் அதைக் கண்டுபிடிச்சார். 1933-ல் டிராக்குக்கு நோபல் பரிசு.

அப்பேர்ப்பட்டவர் 1929-ல் பல எலெக்ட்ரான்கள் சேர்ந்த அணுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் தொடக்கத்தில் ரெண்டு விஷயம் சொன்னார். ஒண்ணு: பெரும்பாலான இயற்பியலுக்கும் மொத்த வேதியியலுக்கும் தேவையான அடிப்படை விதிகள் தெரிஞ்சாச்சு, சமன்பாடுகள் தீர்க்க முடியாத அளவுக்குச் சிக்கலா இருக்கு என்பதுதான் பிரச்னை. ரெண்டாவது: சார்பியலை இதில் நுழைப்பதில் இன்னும் சிக்கல் இருக்கு, ஆனா அது வேகமான துகள்களில் மட்டும்தான் தெரியும், சாதாரண அணு, மூலக்கூறு, வேதிவினை விஷயங்களில் அது முக்கியமில்லை.

கவனிங்க, இதைச் சொன்னவர் யாரோ எவரோ இல்லை. சார்பியலையும் குவாண்டத்தையும் சேர்த்து வெச்சவரே, 'கெமிஸ்ட்ரிக்கு இது வேண்டாம்ப்பா' என்றார்!

அவர் லாஜிக்கில் அர்த்தம் இருந்தது. உள்கூட்டு எலெக்ட்ரான்கள் வேகமானவை, ஆனா வினையில் கலந்துக்காது. வெளிக்கூட்டு எலெக்ட்ரான்கள் வினையில் கலந்துக்கும், ஆனா மெதுவானவை. அப்புறம் சார்பியலுக்கு அங்கே என்ன வேலை? ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் மாதிரி லேசான ஆட்களுக்கு இந்த வாதம் அழகா பொருந்தும்.

தங்கத்துக்குப் பொருந்தலை. ஏன்னா, ஒரு அணுவில் எலெக்ட்ரான்கள் தனித்தனி தீவு இல்லை. ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கிட்டே இருக்கிற ஒரு கூட்டம்.

டவுன் பஸ் தத்துவம்

காலேஜ் டைம் டவுன் பஸ்ஸை நினைச்சுக்குங்க. உள்ளே 79 பேர். ஒவ்வொருத்தரும் எங்கே நிற்கிறது என்பதை யார் முடிவு பண்றா? பக்கத்தில் இருக்கிறவங்கதான்! டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி நிற்கிற நாலு பேர் அரை அடி முன்னால் நகர்ந்தாங்கன்னா, அந்த அசைவு படிக்கட்டில் தொங்குறவர் வரைக்கும் வந்து சேரும். அவர் அசையவே இல்லை. ஆனா அவர் நிலைமை மாறிடுச்சு.

தங்க அணுவிலும் அதேதான். இங்கே ரெண்டு விளைவு நடக்குது.

முதல் விளைவு, சுருக்கம். வெளிக்கூட்டில் இருக்கிற அந்த ஒத்தை எலெக்ட்ரானுக்கு 6எஸ் என்று பேர். அது பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். ஆனா 'எஸ்' வகை எலெக்ட்ரான்களுக்கு ஒரு பழக்கம். அப்பப்போ அணுக்கரு வரைக்கும் உள்ளே போய் எட்டிப் பார்த்துட்டு வரும். அப்படி உள்ளே போகும்போது அதுவும் பயங்கர வேகம் எடுக்கும். அதனால் அதன் கூடும் சுருங்கி, இன்னும் ஆழமா கட்டுண்டு போகும்.

ரெண்டாவது விளைவு, விரிவு. 5டி எலெக்ட்ரான்கள் அணுக்கரு பக்கம் அவ்வளவா போகாது. ஆனா உள்ளே இருக்கிற எஸ் கூடுகள் எல்லாம் சுருங்கிட்டதால, அணுக்கருவின் இழுப்பை அவை இப்போ இன்னும் நல்லா மறைக்குது. அணுக்கருவின் பிடி தளர்ந்துபோய், 5டி வெளிப்பக்கம் விரிஞ்சு மேலே ஏறிடுது.

ஒண்ணு கீழே இறங்குது, இன்னொண்ணு மேலே ஏறுது. ரெண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைஞ்சுடுது. தங்கத்தில் 5டி-யிலிருந்து 6எஸ்-க்கு ஏற சுமார் 2.4 எலெக்ட்ரான் வோல்ட் போதும். அது நீலப் பக்கத்து ஒளியின் ஆற்றல். தங்கம் அந்த நீலத்தைச் சாப்பிட்டுட்டு மீதியைத் திருப்பி அனுப்புது. மீதி என்ன? மஞ்சள்! வெள்ளியில் இந்த இடைவெளி சுமார் 3.7 எலெக்ட்ரான் வோல்ட். அதுக்குக் கண்ணுக்குத் தெரியாத அல்ட்ரா வயலட்தான் வேணும். கண்ணுக்குத் தெரிகிற எல்லா நிறத்தையும் வெள்ளி திருப்பி அனுப்பிடுது. அதான் வெள்ளை.

'அப்போ செம்பு? அதுவும் கலராத்தானே இருக்கு?' செம்பில் அந்த இடைவெளி இயல்பாகவே சின்னது; சார்பியல் உதவி தேவையில்லை. அங்கிருந்து வெள்ளிக்கு இறங்கும்போது இடைவெளி பெரிசாகுது. அதே போக்கில் போயிருந்தா தங்கமும் வெள்ளைதான். அந்தப் போக்கைத் திருப்பிப் போட்டது சார்பியல்.

மெக்கானோவும் ஒரு பெண்ணும்

இந்த பஸ் கூட்டத்தைக் கணக்கில் பிடிக்க ஒரு வழியை 1928-லேயே கண்டுபிடிச்சவர் டக்ளஸ் ஹார்ட்ரீ. 79 பேரையும் ஒரே நேரத்தில் கணக்கிடறது முடியாத காரியம். அதனால் ஒருத்தரை மட்டும் எடுத்துக்கிட்டு, மத்தவங்களை ஒரு சராசரிக் கூட்டமா பாவிச்சு, அவர் எங்கே நிற்பார் என்று பாருங்க. இப்படி ஒவ்வொருத்தருக்கா பண்ணுங்க. இப்போ கூட்டத்தின் சராசரியே மாறியிருக்கும். மறுபடி முதல்லேர்ந்து. யாரும் நகரத் தேவையில்லாத நிலை வர்ற வரைக்கும் இதே வேலை.

கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஹார்ட்ரீயின் அப்பா வில்லியம் உட்கார்ந்து கணக்குப் போட்டு உதவினார். 1934-ல் மான்செஸ்டரில், குழந்தைகள் விளையாடுற மெக்கானோ செட்டை வெச்சு ஹார்ட்ரீ ஒரு கணிப்பு எந்திரமே செஞ்சார்!

அடுத்த வருஷம், 1935-ல், பெர்தா ஸ்விர்ல்ஸ் என்ற பெண் விஞ்ஞானி ஹார்ட்ரீயின் முறையையும் டிராக்கின் சமன்பாட்டையும் சேர்த்து வெச்சு, பல எலெக்ட்ரான் அணுவுக்கான சார்பியல் சமன்பாடுகளை எழுதி வெளியிட்டார். டிராக்குக்கு வழிகாட்டியா இருந்த அதே ஃபௌலரின் மாணவி அவர். 'முக்கியமில்லை' என்ற வாக்கியம் அச்சாகி ஆறே வருஷம். அவர் அதோட சண்டைக்குப் போகலை. சமன்பாட்டை எழுதி வெச்சார். அவ்வளவுதான்.

அதைக் கனமான அணுக்களுக்குக் கையால் தீர்க்கிறது மலை மாதிரி வேலை. 1957-ல் டேவிட் மேயர்ஸ் பாதரசத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். டி எலெக்ட்ரான்கள் வெளிப்பக்கம் விரியறது அதில் தெரிஞ்சது. 1973-ல் ஜான்-பால் டெக்ளோ, அணு எண் 1 முதல் 120 வரை எல்லா அணுக்களுக்கும் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு ஒரு பெரிய அட்டவணையே வெளியிட்டார். அந்தச் சமயத்தில் 118-ஆம் தனிமம் உலகத்தில் பிறக்கவே இல்லை! 1970-களின் கடைசியில் பெக்கா பூக்கோ, கென்னத் பிட்ஸர் போன்றவர்கள் இதையெல்லாம் சேர்த்து வெச்சு, வேதியியல் புத்தகத்தின் பாதி விசித்திரங்களுக்குச் சார்பியல்தான் காரணம் என்று காட்டினாங்க. ஸ்விர்ல்ஸ் 1999 வரை வாழ்ந்தார். தான் போட்ட விதை மரமானதைப் பார்த்துட்டுத்தான் போனார்.

ஒருத்தர் ஓகே, ரெண்டு பேர்?

இதுவரைக்கும் சொன்னது வெற்றிக் கதை. இனிமே வர்றது வில்லன் கதை.

டிராக் சமன்பாடு ஒரு எலெக்ட்ரானுக்கு எழுதப்பட்டது. ஒருத்தர் மட்டும் இருக்கிற ஹாஸ்டல் ரூம் மாதிரி. எந்தப் பிரச்னையும் இல்லை. ரெண்டாவது ஆள் உள்ளே வந்தவுடனே தகராறு ஆரம்பம்.

முதல் தகராறு, நேரம். ரெண்டு எலெக்ட்ரான்கள் ஒண்ணையொண்ணு தள்ளுது. எவ்வளவு பலமா? 'இந்த நொடியில்' ரெண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பொறுத்து என்பது கூலம் விதி. ஆனா 'இந்த நொடி' என்பதே சார்பியலில் பொதுச் சொத்து இல்லையே! பிளாட்ஃபார்மில் நிற்கிறவருக்கு ஒரே நேரத்தில் நடந்த ரெண்டு சம்பவம், ரயிலில் போறவருக்கு முன்னே பின்னே நடந்ததாத் தெரியும். அதோட, ஒரு எலெக்ட்ரான் நகர்ந்த சேதி இன்னொண்ணுக்குப் போய்ச் சேர ஒளி வேகத்திலாவது கொஞ்சம் நேரம் ஆகும். 1929-ல் கிரிகரி பிரெய்ட் இந்தத் தாமதத்துக்கும், ஓடுற எலெக்ட்ரான்களின் காந்த விளைவுக்கும் சேர்த்து ஒரு திருத்தம் எழுதினார். அது நல்ல ஒட்டு. ஆனா ஒட்டு ஒட்டுதான். முழுத் துணி இல்லை.

ரெண்டாவது தகராறு இன்னும் மோசம். டிராக் சமன்பாட்டில் பாசிட்டிவ் ஆற்றல் நிலைகளோட, அடியே இல்லாத நெகட்டிவ் ஆற்றல் நிலைகளும் இருக்கு. கிணத்து உருளையில் ஒரே கயிறு, ரெண்டு வாளி. ஒரு வாளி கீழே போனா இன்னொண்ணு மேலே வரும். கிணத்துக்கு அடியே இல்லேன்னா? ஒரு எலெக்ட்ரான் நெகட்டிவ் பக்கம் விழுந்துகிட்டே போகலாம். அது விட்ட ஆற்றலை வாங்கிக்கிட்டு இன்னொரு எலெக்ட்ரான் அணுவை விட்டே பறந்துடலாம். மொத்த ஆற்றலில் பைசா வித்தியாசம் வராது. 1951-ல் ஜெரால்ட் பிரௌனும் ராவன்ஹாலும் இதைச் சுட்டிக்காட்டினாங்க. ரெண்டு எலெக்ட்ரானுக்குச் சமன்பாட்டை அப்படியே எழுதினா, ஹீலியம் அணு கட்டுக்கோப்பா நிற்கவே முடியாது. இந்த வியாதிக்கு அவங்க ரெண்டு பேர் பெயரையே வெச்சுட்டாங்க: பிரௌன்-ராவன்ஹால் வியாதி!

ஆனா பர்த்டே பார்ட்டி ஹீலியம் பலூன் ஜம்முனு பறக்குது. அப்போ தப்பு ஹீலியத்தில் இல்லை, நாம எழுதின விதத்தில். வைத்தியம் என்ன? கிணத்தைச் சுத்தி ஒரு வேலி. 'பாசிட்டிவ் நிலைகளில் மட்டும்தான் நடமாடணும்' என்று சமன்பாட்டுக்கே கட்டுப்பாடு போடணும். 1980-ல் ஜோசப் சூகர் இந்த வேலியை ஏன், எப்படிப் போடணும் என்று தெளிவா எடுத்துச் சொன்னார்.

சென்னையில் படித்தவர் வைத்த செக்

இந்தக் கதையில் நம்ம ஊரில் படிச்ச ஒருத்தரும் இருக்கார். இ.சி.ஜி. சுதர்சன். கோட்டயம் பக்கத்துக்காரர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிச்சு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினவர். பின்னாடி 1980-களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரா இருந்தவர். 2018-ல் காலமானார்.

1963-ல் கரி, ஜோர்டான், சுதர்சன் மூணு பேரும் ஒரு தேற்றம் வெளியிட்டாங்க. அவங்க குவாண்டத்துக்குக்கூடப் போகலை. நாம பி.எஸ்சி.யில் படிக்கிற ஹாமில்டன் இயக்கவியலை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு துகள். நடுவில் வேற எதுவும் கிடையாது. அவை போகும் பாதையை எல்லாப் பார்வையாளர்களும் சார்பியல் விதிப்படி ஒத்துக்கணும். இந்த நிபந்தனைகளை எல்லாம் ஒண்ணா வெச்சா, அந்தத் துகள்கள் என்னதான் பண்ண முடியும்?

விடை: நேர்கோட்டில் போகலாம். அவ்வளவுதான். ஒண்ணை ஒண்ணு தள்ளவோ இழுக்கவோ முடியாது! இதுக்குப் பேரே 'இடைவினை இல்லாத் தேற்றம்'. அடுத்த ரெண்டு வருஷத்தில் மத்தவங்க இதை எத்தனை துகள்களுக்கும் பொருந்தும் என்று நீட்டிக் காட்டிட்டாங்க.

இது தோல்வி இல்லை. வழிகாட்டிப் பலகை. ரெண்டு துகள் மட்டும் இருக்கிற உலகத்தில் சார்பியலும் இடைவினையும் ஒண்ணா வாழ முடியலைன்னா, நடுவில் மூணாவது ஆள் ஒருத்தர் வேணும் என்று அர்த்தம். அந்த மூணாவது ஆள்தான் புலம். எலெக்ட்ரான்கள் நேரா தள்ளிக்கறது இல்லை, ஃபோட்டான்களைப் பரிமாறிக்குது. 'எத்தனை துகள்' என்ற எண்ணிக்கையே அங்கே நிலையானது இல்லை. எலெக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகள் வரும், போகும். குவாண்டம் எலெக்ட்ரோடைனமிக்ஸ் என்பது இதுதான். சூகர் போட்ட வேலிக்கும், பிரெய்ட் போட்ட ஒட்டுக்கும் நியாயம் அங்கிருந்துதான் வருது.

பேட்டரி முதல் பாதரசம் வரை

'தியரி எல்லாம் சரி, எனக்கு என்ன லாபம்?' என்று கேட்கிற கடைசி பெஞ்ச் நண்பருக்கு ரெண்டு உதாரணம்.

ஒண்ணு, காரிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் இருக்கிற லெட்-ஆசிட் பேட்டரி. அதன் ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தரும். 2011-ல் ராஜீவ் அகுஜா, பூக்கோ உள்ளிட்ட குழு கணக்கிட்டுப் பார்த்தப்போ, அதில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் கொடுத்தது என்று தெரிஞ்சது! சார்பியலை அணைச்சுட்டா, அணு எண் 82 உள்ள ஈயம், தன் குடும்பத்து மேல்மாடிக்காரரான வெள்ளீயம் மாதிரி நடந்துக்கும். கார் ஸ்டார்ட் ஆகாது. அடுத்த தடவை சாவியைத் திருகும்போது ஐன்ஸ்டீனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க.

ரெண்டு, பாதரசம். தங்கத்துக்குப் பக்கத்து வீடு, அணு எண் 80. அதன் வெளிக்கூட்டில் ரெண்டு எலெக்ட்ரான். ரெண்டும் சார்பியலால் சுருங்கி உள்ளே ஒடுங்கிட்டதால, பக்கத்து அணுவோட கை கோக்க மனசே இல்லை. பிணைப்பு பலவீனம். அதனால்தான் மைனஸ் 39 டிகிரியிலேயே உருகிடுது. 2013-ல் வெளிவந்த ஒரு கணக்கில், சார்பியலைச் சேர்த்ததும் உருகுநிலை 105 டிகிரி இறங்கினது. சார்பியல் இல்லேன்னா பாதரசம் சுமார் 82 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கெட்டியா இருந்திருக்கும். பழைய தெர்மாமீட்டர் எதுவுமே வேலை செஞ்சிருக்காது.

இன்னும் ஒண்ணு சேர்த்துக்குங்க. 2016-ல் பெயர் சூட்டப்பட்ட ஒகனெசான், அணு எண் 118. அதை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு அணுக்கள்தான் செஞ்சிருக்காங்க. கண் சிமிட்டறதுக்குள்ளே சிதைஞ்சுடும். டெஸ்ட் டியூபில் போட்டுப் பார்க்க வழியே இல்லை. பீரியாடிக் டேபிளில் அது மந்த வாயுக்களின் வரிசையில் நிற்குது. ஆனா 2020-ல் வந்த சார்பியல் கணக்கு, அது வாயுவாகவே இருக்காது, அறை வெப்பநிலையில் திடப்பொருளா இருக்கும் என்று சொல்லுது. கையில் பிடிக்க முடியாத ஒரு தனிமத்தின் கெமிஸ்ட்ரியை, சமன்பாட்டை மட்டும் வெச்சு எழுதிக்கிட்டிருக்காங்க. சமன்பாட்டில் எதை விட்டோம், எதை வெச்சோம் என்பதுதான் அங்கே எல்லாமே.

எதுவரைக்கும் சார்?

இப்போ மேட்டருக்கு வருவோம்.

'இந்த டெர்ம் நெக்லிஜிபிள்.' இந்த வார்த்தையைக் கேட்காம ஒரு செமஸ்டரும் போகாது. பெண்டுலத்தில் காற்றுத் தடை நெக்லிஜிபிள். கயிற்றின் எடை நெக்லிஜிபிள். வேதியியலில் சார்பியல் நெக்லிஜிபிள். நாமும் நோட்டில் எழுதி, ஒரு கோடு அடிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிடறோம்.

விடறது தப்பில்லை. எதையுமே விடாம எந்தக் கணக்கும் நகராது. ஹார்ட்ரீ 79 பேரைச் சராசரி ஆக்கினதும் ஒரு விடுதல்தான். டிராக் விட்டதும் லேசான அணுக்களுக்கு நியாயமான விடுதல்தான். சிக்கல் எங்கே வருதுன்னா, 'எதுவரைக்கும் விடலாம்' என்ற எல்லைக்கோடு நோட்டிலிருந்து காணாமல் போகும்போது. கோடு அழிஞ்சு, 'முக்கியமில்லை' என்ற வார்த்தை மட்டும் மிஞ்சும்போது. பெரிய ஆள் சொன்னாரேன்னு யாரும் அந்தக் கோட்டைத் தேடிப் போகாதபோது.

தங்கத்தை அறிவியலாளர்கள் இன்னும் விடலை. ஒரு தங்க அணுவிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்க சுமார் 9.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆகும். பரிசோதனை இதை ரொம்பத் துல்லியமா அளந்து வெச்சிருந்தது. தியரி பல வருஷம் கொஞ்சம் தள்ளியே நின்னுது. 2017-ல்தான் ஒரு குழு அந்த இடைவெளியைச் சில மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள் கொண்டு வந்தது. அதுக்கு என்ன தேவைப்பட்டது தெரியுமா? சராசரிக் கூட்டத்தை விட்டுட்டு, ஐந்து எலெக்ட்ரான்கள் வரை ஒரே நேரத்தில் சேர்ந்து அசையறதைக் கணக்கில் எடுத்தாங்க. பிரெய்ட் திருத்தத்தைச் சேர்த்தாங்க. குவாண்டம் எலெக்ட்ரோடைனமிக்ஸ் திருத்தத்தையும் சேர்த்தாங்க. அதாவது, இதுவரைக்கும் நெக்லிஜிபிள் என்று ஓரமா வெச்ச ஒவ்வொண்ணையும் மறுபடி கூப்பிட்டு உட்கார வெச்சாங்க.

அதனால ஃப்ரெண்ட்ஸ், அடுத்த கிளாஸில் போர்டில் ஒரு டெர்மை அடிக்கும்போது, மரியாதையா கை தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'எதுவரைக்கும் சார்?' 'எதுவரைக்கும் மேடம்?' கிண்டலுக்காக இல்லை. நல்ல ஆசிரியருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பதில் தெரிஞ்சா உங்களுக்கு எல்லைக்கோடு கிடைச்சது. உடனே பதில் வரலைன்னா, ஒரு புராஜெக்ட் கிடைச்சது!

இந்த வார கேண்டீன் கணக்கு:

டீ வர்றதுக்குள்ளே போட்டுடலாம். கால்குலேட்டர் போதும். அணு எண்ணை 137-ஆல் வகுங்க. விடையை வர்க்கம் பண்ணி, 1-லிருந்து கழிங்க. வர்க்கமூலம் எடுங்க. 1-ஐ அதனால் வகுங்க. உள்கூட்டு எலெக்ட்ரானின் நிறை எத்தனை மடங்கு ஆகுதுன்னு வரும். செம்பு 29, வெள்ளி 47, தங்கம் 79, ஒகனெசான் 118. நாலுக்கும் போட்டுப் பாருங்க. எந்த இடத்தில் 'நெக்லிஜிபிள்' என்ற வார்த்தையைச் சொல்ல வாய் கூசுதோ, அங்கே ஒரு கோடு போடுங்க. அது உங்க கோடு.

அடுத்த வாரம் பார்ப்போமா? ஜூட்!